தீவாந்திரம் போன எங்கள் ஓட்டன்

(நம் முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "உங்க சாதனையப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க சார்" என்றார். சாதனை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் கிடையாது. விழுப்புரம் ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில் 32 வருஷம் தபால் பிரித்தேன், ரிடையர் ஆனேன். அதற்கப்புறம் ஒரு ஆளைத் தேடினேன். அவர் எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா. தண்டனைக் கைதி. "அவரைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசுங்க, ஆனா கொஞ்சம் பாத்து" என்றார். பார்த்துத்தான் பேசப்போகிறேன்.

எங்கள் ஊர் குயிலாப்பாளையம். புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் வந்து, பெரியமுதலியார்சாவடியில் இறங்கி, மேற்கே செம்மண் மேட்டில் ஏறினால் வரும். இன்று ஆரோவில் என்றால் உலகத்துக்கே தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது, அதாவது 1968ல் அந்த நகரத்துக்குக் கால்கோள் விழா நடப்பதற்கு முன்னால், அங்கே பனையும், முந்திரியும், மழைத் தண்ணீர் அறுத்த பள்ளங்களும்தான். மேட்டில் மரம் இல்லாததால் கடல் நன்றாகத் தெரியும். எங்கள் ஆயா அந்தக் கடலைப் பார்க்கமாட்டாள். "அது ஆள முழுங்கற தண்ணி" என்பாள்.

அந்தக் காலத்தில் பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று எண்ணுவார்கள். தாத்தாவுக்குத் தாத்தா ஓட்டன். எங்கள் ஓட்டன் 'தீவாந்திரம்' போனார் என்பது மட்டும்தான் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. தீவாந்திரம் என்றால் ஏதோ ஓர் ஊர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பியூசி படிக்கும்போதுதான், நம் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர், தீவு, அந்தரம் இரண்டும் சேர்ந்த கோர்ட் வார்த்தை அது என்று சொல்லித் தந்தார். கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனை. சட்டப் புத்தகத்தில் அந்தத் தண்டனை எத்தனை காலம் இருந்தது தெரியுமா? 1956 ஜனவரி 1ஆம் தேதி முதல்தான் அதை எடுத்துவிட்டு ஆயுள் தண்டனை என்று மாற்றினார்கள். நான் பிறந்த பிறகு!

எங்கள் வீட்டில் போகியன்று பெரியவர்களுக்குப் படைப்போம். இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஒரு இலை. ஓட்டனுடைய சம்சாரத்துக்குத் தனி மரியாதை. அவள் பூவாடைக்காரி. நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மஞ்சள் குங்குமத்தோடு, சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த பெண்ணைக் குடும்பத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது. புதுப்புடவை, பூ, வளையல் எல்லாம் வைப்போம். வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் படையல் அவளுக்குத்தான். ஆனால் ஓட்டனுக்கு இலை கிடையாது.

சின்ன வயதில் ஆயாவைக் கேட்டேன். "அவருக்கு எதுக்குடா எல? அவரு செத்துட்டாருன்னு யாரு வந்து சொன்னா? உசுரோட இருக்கறவங்களுக்கு யாராச்சும் படைப்பாங்களா?" என்றாள். அப்போது அவர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயா சிரிக்கவில்லை.

என்ன குற்றம் என்று கேட்டால், "உப்பு" என்பார்கள். மரக்காணம் அளத்திலிருந்து ராத்திரியில் உப்பு எடுத்து வந்தாராம், கும்பினிச் சேவகன் தடுத்தானாம், இவர் அடித்துவிட்டாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1805லிருந்து மதராஸ் மாகாணத்தில் உப்பு கும்பினியின் ஏகபோகம் என்பதைப் படித்தபோது, 'ஆஹா, காந்திக்கு முன்னாலேயே நம்ம ஆள் உப்பு எடுத்திருக்கிறார்' என்று நானே இரண்டு மேடையில் பேசியும் இருக்கிறேன். அந்த இரண்டு பேச்சையும் இன்று வாபஸ் வாங்குகிறேன்.

தேட ஆரம்பித்தபோது எனக்கு முதலில் வந்த சந்தேகம் வேறு. புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறதே, ஒருவேளை கூலிக் கப்பலில் போனவரோ? நம் பக்கத்திலிருந்து ரீயூனியனுக்கும் மொரீஷியசுக்கும் ஆயிரக்கணக்கில் போனார்கள். 1853லிருந்து அட்லாண்டிக் கடல் தாண்டி மார்த்தினிக் தீவுக்கே போனார்கள். ஒப்பந்தக் கூலியாகப் போனவனையும் விலங்கு மாட்டிக்கொண்டு போனவனையும் ஊர்க்காரர்கள் ஒரே வார்த்தையில் 'கப்பலேறிட்டான்' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் கூலிக்குப் போனவனைத் தீவாந்திரம் போனான் என்று சொல்லமாட்டார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் மேற்கொண்டு போனேன்.

தீவாந்திரம் என்றதும் நமக்கு அந்தமான் ஞாபகம் வரும். அது பிற்பாடு. அந்தமானில் கைதிக் குடியேற்றம் 1858 மார்ச்சில்தான் ஆரம்பித்தது, செல்லுலர் சிறை கட்டி முடிந்தது 1906ல். அதற்கு எழுபது வருஷத்துக்கு முன்பே கும்பினிக்காரன் நம் ஆட்களைக் கிழக்கே அனுப்பிக்கொண்டிருந்தான். முதலில் சுமத்ராவில் பென்கூலன், பிறகு பினாங்கு, அப்புறம் சிங்கப்பூர், மலாக்கா, பர்மாக் கரை. பாளையக்காரர் போர் முடிந்து 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்ட 73 பேரைப் பற்றி இங்கே சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். அதில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர், சின்னப் பையன். கர்னல் வெல்ஷ் என்ற அதிகாரி 1818ல் பினாங்கில் அவரைச் சந்தித்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். முன்பு பார்த்த பிள்ளை அடையாளமே தெரியாமல் வாடிப்போய் வந்து நின்றதாம். ராஜ குடும்பத்துப் பிள்ளையை அடையாளம் காண ஒரு கர்னலாவது இருந்தார். குயிலாப்பாளையத்துக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சர்க்கார் இருக்கிறது. அன்று நம் ஊர் தென்னாற்காடு ஜில்லா. (விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993 செப்டம்பரில்தான்.) வழக்கு கடலூர் கோர்ட்டில் நடக்கும், பெரிய தண்டனை என்றால் மதராசில் பவுஜ்தாரி அதாலத் என்ற மேல்கோர்ட் உறுதி செய்ய வேண்டும். 1862ல் ஹைகோர்ட் வரும்வரை அதுதான் ஏற்பாடு. கடலூரிலிருந்து மதராஸ். அங்கே அப்போது கப்பல் அணைகிற துறைமுகம் கிடையாது. மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டி, நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அதில் ஒரு பகுதி எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு, காலை பாசஞ்சரைப் பிடித்து, சாப்பாட்டுக் கூடையோடு போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம், மாதத்துக்கு நாலைந்து தடவை.

இங்கேதான் ஆர்.எம்.எஸ். அனுபவம் கை கொடுத்தது. தப்பும் தவறுமாக எழுதிய விலாசத்தைச் சரியான ஊருக்கு அனுப்புவதுதானே எங்கள் தொழில்? வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதுவான். நாகர்கோவிலின் 'கோவில்' அவன் கையில் 'காயில்' ஆனது நமக்குத் தெரியும். அப்படியென்றால் குயிலாப்பாளையத்துக்கும் கோவில்பாளையத்துக்கும் அவன் எழுத்தில் என்ன வித்தியாசம் இருக்கும்? ஒன்றும் இருக்காது. தமிழ்நாட்டில் கோவில்பாளையம் எத்தனை இருக்கிறதோ, முருகனுக்குத்தான் வெளிச்சம். நான் ஒரு நோட்டில் நம் ஊர்ப் பெயரை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று பதினெட்டு விதமாக எழுதி வைத்துக்கொண்டேன். பதினெட்டில் ஒன்று மாட்டியது.

பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஊரில் இன்றும் அதே பெயரில் ஐந்து பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் இந்த மலரை வாங்குகிறவர்கள். அப்பா பெயர் ஒத்துப்போகிறது. ஜாதி ஒத்துப்போகிறது. ஜில்லா ஒத்துப்போகிறது. 1850களின் தொடக்கம், எங்கள் கணக்குக்கும் சரி. வயது 27. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். இடது முழங்காலுக்குக் கீழே வெட்டுத் தழும்பு. எங்கள் வீட்டில் அவர் குட்டையா நெட்டையா, கறுப்பா சிவப்பா என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய முழங்கால் தழும்பு கும்பினிக்குத் தெரிந்திருக்கிறது. தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதிய அங்க அடையாளம் அது. ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

அடுத்த பத்தியில் குற்றம். உப்பு இல்லை. கூட்டுக் கொள்ளை. ராத்திரியில் ஒரு வீடு புகுந்து, வீட்டுக்காரரைக் காயப்படுத்தி, சாமான்களைக் கொண்டுபோனது. தண்டனை, ஆயுள் முழுவதும் தீவாந்திரம்.

யோசித்துப் பார்த்தால் எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். உப்புக்கு அபராதம் போடுவார்கள், உள்ளூர்ச் சிறையில் போடுவார்கள். அதற்குப் போய் கப்பல் செலவு செய்து சிங்கப்பூருக்கு அனுப்பமாட்டார்கள். கொலை, கொள்ளை, ராஜத் துரோகம், இவற்றுக்குத்தான் தீவாந்திரம். ஊரில் யாரோ ஒரு பெரியவர், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தலைகுனியக் கூடாது என்று கொள்ளையை உப்பாக மாற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதேசமயம், கொள்ளை போன வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகளும் சுற்று வட்டாரத்தில்தான் எங்கோ இருப்பார்கள். அவர்கள் வீட்டில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் மேடையில் உப்புக் கதை பேசியபோது அவர்களில் யாராவது கீழே உட்கார்ந்திருந்தால்?

இதில் இன்னொரு விஷயம். வங்காளத்திலும் மதராசிலும் இப்படிப்பட்ட கைதிகளுக்கு நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் இருந்தது. அதை மறைக்கத் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டுவார்களாம். 1849ல் அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஓட்டன் ஒரு சில வருஷ வித்தியாசத்தில் தப்பினார். எங்கள் ஆயாவின் கையில் தேள் பச்சை குத்தியிருக்கும், அழகாக இருக்கும். அதே ஊசி, அதே மை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தேன். பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 1788 முதல் 1868 வரை சுமார் 1,62,000 கைதிகளைக் கப்பலேற்றினார்கள். அங்கும் ரொம்ப காலம் அதை வெளியில் சொல்லமாட்டார்களாம். வான் டீமன்ஸ் லாந்து என்ற கைதித் தீவு, அந்தக் கெட்ட பெயர் வேண்டாம் என்று 1856ல் டாஸ்மேனியா என்று பெயரையே மாற்றிக்கொண்டது. இன்றைக்குத் தலைகீழ். முதல் கப்பல்களில் வந்த கைதியின் வாரிசு என்றால் பெருமை. 2007ல் யுனெஸ்கோ அந்தக் கைதிப் பதிவேடுகளை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் முப்பாட்டனின் உயரம், மச்சம், எந்தக் கப்பல், எல்லாம் வந்து விழுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவர்களுக்கு அந்த மண்ணிலேயே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தேடுகிறார்கள். நம் கைதியின் குடும்பம் ஒரு கரையில், அவன் கடைசிக் காலம் வேறு கரையில்.

அந்தக் கரையையும் பார்த்துவிடலாம் என்று 2018ல் சிங்கப்பூர் போனேன். பணக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள், என் அக்கா மகன் அங்கே கட்டட வேலையில் இருக்கிறான். நம் ஜில்லாவில் பாதி வீட்டுக்கு ஒரு ஆள் அப்படி இருப்பான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். "என்னா மாமா, மாரியம்மன் கோயிலுக்குப் போலாம்னு பாத்தா சர்ச்சுக்குக் கூப்புடறீங்க?" என்றான்.

வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. 1856ல் அஸ்திவாரம் போட்டு, நம் நாட்டுக் கைதிகளை வைத்துக் கட்டியது. அதன் பூச்சுக்கு அங்கே 'மதராஸ் சுண்ணாம்பு' என்றே பெயர். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு இந்தக் கலவை புரியும். ரோடு போட்டது, சதுப்பு தூர்த்தது, கவர்னர் மாளிகை கட்டியது, எல்லாவற்றிலும் கைதிகளின் கை இருக்கிறது. அந்தக் கைதிகளில் முதல் கூட்டம் 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து மாற்றப்பட்டு வந்த 80 பேர், மதராஸ்காரர்கள். அவர்களை மேய்க்க வெளியாள் கிடையாது. நன்னடத்தைக் கைதியே காவலாளி. ஆறு வகுப்பாகப் பிரித்து, நல்லபடி நடந்துகொண்டவனை மேல் வகுப்புக்கு ஏற்றுவார்கள். முதல் வகுப்புக்குப் போனவன் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே பிழைத்துக்கொள்ளலாம். மாட்டுவண்டி ஓட்டியவர்கள், பால் வியாபாரம் செய்தவர்கள், அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் உண்டு. 1873ல் சிங்கப்பூர் கைதி முகாம் முடிந்து, மிச்சமிருந்தவர்கள் அந்தமானுக்கு மாற்றப்பட்டார்கள். பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் ஓட்டனும் தங்கியிருந்தால், மலாய் பேசும் பங்காளி ஒருவர் எனக்கு அங்கே இருக்கலாம்.

அக்கா மகன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இழைச்சிருக்கானுங்க மாமா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நானாச்சும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வர்றேன்" என்றான். இரண்டு பேரும் வெளியே புல்லில் உட்கார்ந்து, அவன் கட்டி வந்திருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அத்தையிடம் போனேன். எங்கள் குடும்பத்தில் மூத்தவர், அப்போது 86 வயது. எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு இல்லை, கொள்ளை என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார்.

"அந்த வூட்டுக்காரன் பொழைச்சானா?"

"பொழைச்சிருக்கணும் அத்தை. கொலைன்னு எழுதல."

"அது போதும்" என்றார்.

நான் உற்சாகமாக, "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு அத்தை. அங்க செத்தவங்களுக்கும் கணக்கு எழுதியிருப்பாங்க. வெளிநாட்டு ஆவணக் காப்பகத்துக்கு லெட்டர் போட்டா, அவரு எப்ப செத்தாருன்னு தெரிஞ்சாலும் தெரியும். திதி குடுத்து, எல போட்டுடலாம்" என்றேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "அவரு முன்னாடி செத்திருந்தா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"அந்தக் கெழவி சாவறவரைக்கும் தாலிய அவுக்கல. வூட்டுக்காரரு இருக்காருன்னு சொல்லிச் சொல்லியே கட்டி இருந்தா. அதனாலதான் அவ பூவாடைக்காரி. நீ பாட்டுக்கு அவரு முன்னாடியே போய்ட்டாருன்னு கடுதாசி கொண்டாந்தா, அவள என்னான்னுடா கும்புடறது? எத்தினி கல்யாணம் அவ முன்னாடி நடந்திருக்கு, உன் கல்யாணமும் சேத்து?"

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக எழும்பூரில் தூசி தின்றபோது இந்தப் பக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. ஓட்டனுக்கு வயது, உயரம், தழும்பு எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அவளுக்கு ஒரு எழுத்துகூட இல்லை, பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவளிடம் இருந்தது அந்தத் தாலி ஒன்றுதான். அதற்கும் நான் தேதி கேட்கப் போகிறேன்.

என் பேத்தி இந்தக் கல்லூரியில்தான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், அதோ பின்னால் தூணோரம் நிற்கிறாள். அவள் கட்சி வேறு. "உண்மைன்னா உண்மைதான் தாத்தா. காத்திருந்ததுக்காக அவங்கள கும்பிடலாமே, தாலிக்காக எதுக்கு?" என்கிறாள். கேட்டால் அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. அத்தை முகத்தைப் பார்த்தால் அத்தை பக்கம் நியாயமாகப் படுகிறது. அத்தை இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். போன போகிக்கு அவருக்கும் ஒரு இலை போட்டோம். பூவாடைக்காரிக்கு எப்போதும் போல மஞ்சள் புடவை. ஓட்டனுக்கு இலை இல்லை.

கடிதம் எழுதி முடித்து, விலாசம் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. ஈமெயில் ஒரு நிமிஷத்தில் போகுமே என்று பேத்தி கிண்டல் செய்கிறாள். 32 வருஷம் மற்றவர்கள் கடிதத்தை ஒரு வேளைகூடத் தாமதிக்காதவன், இந்த ஒன்றை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அடுத்து பட்டிமன்றம் இருக்கிறது.